ராகு காலத்தில் ஒரு கையெழுத்து

புளியங்குறிச்சி ஊருணிப் பராமரிப்பு வாரிய அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு அடுத்து நேராகப் பன்னிரண்டு மணி வர ஆரம்பித்தபோது, செண்பகவல்லிக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய வெள்ளி வரைக்கும் அங்கேயும் ஊர் உலகத்தைப் போலப் பத்தரைக்குப் பிறகு பத்து முப்பத்தொன்றுதான் வந்துகொண்டிருந்தது. யாரும் அதைப் பெரிதாக மதித்ததில்லை.

எல்லாம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு சுற்றறிக்கையில் தொடங்கியது. எல்லாக் கோட்ட அலுவலகங்களும் மாத முடிவுக்குள் கம்ப்யூட்டரில் ஒரு பொது மெயில் பெட்டியும் ஒரு பொதுக் காலண்டரும் ஏற்படுத்த வேண்டும், ஏற்படுத்திய விவரத்தைப் பதிவுத் தபாலில் தெரிவிக்க வேண்டும் என்றது அது. கண்காணிப்பாளர் திருமேனிநாதன் அதை மூன்று தடவை வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, தன் கீழ் இருந்த பதின்மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து, வேலைக்குச் சேர்ந்த அன்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் "எனக்குக் கம்ப்யூட்டர் நல்லாத் தெரியும் சார்" என்று சொல்லித் தொலைத்த இளநிலை உதவியாளர் செண்பகவல்லியிடம் பார்வையை நிறுத்தினார்.

அவள் அரை மணி நேரத்தில் மெயில் பெட்டியைச் செய்துவிட்டாள். அதில் யாருக்கு என்ன உரிமை என்று தீர்மானிக்க அலுவலகத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. கம்ப்யூட்டர் என்னவோ எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் பணிமூப்பு என்று ஒன்று இருக்கிறதே. கடைசியில், கண்காணிப்பாளர் உரிமையாளர், உதவியாளர்கள் வாசிக்கலாம் எழுதலாம், தட்டச்சர் வாசிக்க மட்டும் செய்யலாம், டிரைவர் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம் என்று முடிவாகி, பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரியும்படி சுவரில் ஒட்டப்பட்டது. அன்றிலிருந்து ஊர் மக்களின் மனுக்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் வந்து விழுந்தன. ஒருவர் திறந்துவிட்டால் அந்த மனு மற்ற எல்லோருக்கும் படித்த மனுவாகத் தெரியும். படித்தவர் பார்த்துக்கொள்வார் என்று படிக்காதவர்கள் இருந்தார்கள், இத்தனை பேர் இருக்கையில் நமக்கென்ன வந்தது என்று படித்தவர் இருந்தார்.

செண்பகவல்லியும் தன் மகப்பேறு விடுப்பு விண்ணப்பத்தை அந்தப் பெட்டிக்குத்தான் அனுப்பினாள். விடுப்பெல்லாம் இனி மெயிலில் மட்டுமே என்று அந்தச் சுற்றறிக்கையே சொல்லியிருந்தது. அன்று மாலைக்குள் அத்தனை பேரும் அதைப் படித்துவிட்டு வந்து வாழ்த்துச் சொன்னார்கள். தட்டச்சர் வசுமதி கன்னத்தைக் கிள்ளினாள், மூத்த உதவியாளர் ஜெபமணி பையன்தான் என்றார். அதைக் கண்காணிப்பாளரின் கையெழுத்துக்கு எடுத்து வைக்கிறேன் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அவளோ இன்னும் இரண்டு வருடத் தகுதிகாண் பருவத்தில் இருந்தாள். கையெழுத்தான உத்தரவு இல்லாமல் ஒரு நாள் வீட்டில் படுத்தாலும் அந்த இரண்டு வருடமும் மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும். ஒரே ஒரு கையெழுத்துதான், இந்த வாரம் இல்லாவிட்டால் அடுத்த வாரம் ஆகிவிடும் என்று அவள் நம்பினாள்.

அடுத்த வாரம் பொதுக் காலண்டர் வந்தது.

திருமேனிநாதன் முப்பத்து நான்கு வருடச் சர்வீஸில் ராகு காலத்தில் ஒரு கையெழுத்துக்கூடப் போட்டதில்லை. ராகு காலம் தொடங்கினால் பேனாவை மூடி வைப்பார், எமகண்டம் தொடங்கினால் ரப்பர் ஸ்டாம்பின் பக்கம்கூடத் திரும்ப மாட்டார். அந்த அலுவலகத்தில் பெண் பார்க்கப் போகிறவர்களும், வீட்டுக்கு நிலை வைக்கிறவர்களும், வண்டி வாங்குகிறவர்களும் அவரிடம் நேரம் கேட்டுக்கொண்டுதான் போவார்கள். அவரும் சலிக்காமல் பார்த்துச் சொல்வார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவருக்கு ஒரு டிவியும் ஒரு சாய்வு நாற்காலியும் மட்டுமே இருந்தன. அவருடைய வாழ்க்கை என்று சொல்லத்தக்கது முழுவதும் இந்த அலுவலகத்தில்தான் நடந்தது.

சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரை ஆணியோடு கழற்றிக்கொண்டு வந்து அவள் மேஜையில் வைத்தார்.

"ஏம்மா செண்பகம், இதுல இருக்கறதெல்லாம் அதுலயும் இருக்கணும்ல. ராகு காலம் இல்லாம ஒரு காலண்டரா?"

"போட்டுரலாம் சார். திரும்பத் திரும்ப வர்ற மாதிரி ஒரே தடவை போட்டா போதும்."

வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு, செவ்வாய் மூன்று முதல் நாலரை என்று ஒவ்வொரு கிழமைக்கும் அவர் வாசிக்க வாசிக்க அவள் அடித்துக்கொண்டே வந்தாள். முடிவு தேதி எது என்று கம்ப்யூட்டர் கேட்டது. ராகுவுக்கு முடிவு ஏது என்றார் அவர். அந்த நேரத்தில் அலுவலகத்தார் எப்படி இருப்பதாகக் காட்ட வேண்டும் என்று கேட்டு, ஓய்வாக இருக்கிறோம், வேலையில் இருக்கிறோம், அலுவலகத்திலேயே இல்லை என்று மூன்றைக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. திருமேனிநாதன் மோவாயைத் தடவியபடி வெகு நேரம் யோசித்தார்.

"வேலையில இருக்கோம்னு போட்டா எவனாவது வந்து நிப்பான். ஓய்வுன்னு போட்டா மேலிடத்துல கேள்வி வரும். இல்லவே இல்லைன்னு போட்டுரு."

அவள் போட்டாள். அவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் காரணம் ஒன்றும் அந்த ஊரில் யாரும் தேடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது செண்பகவல்லி டீயை ஆற்றி வாயருகே கொண்டுபோனாள், முதல் மடக்கை விழுங்குவதற்குள் தீப்பெட்டி ஆலையின் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. டீ சுட்டது. எல்லோரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அதுவும் பன்னிரண்டு என்றது. "பரவால்லையே, நேரம் போனதே தெரியல" என்றார் ஜெபமணி, டிபன் பாக்ஸை எடுத்து வெளியே வைத்தார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தது வேறு. பத்தரை அடித்ததும் உள்ளே இருந்த பதினான்கு பேரும் இல்லாமல் போனார்கள். நாற்காலியின் முதுகில் துண்டு கிடந்தது, விரித்த பைலின் மேல் மூக்குக் கண்ணாடி இருந்தது, மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, ஒரு டம்ளரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது, ஆட்களை மட்டும் காணோம். மனுக் கொடுக்க வந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அவர்கள் வாழ்நாள் முழுக்கப் பார்த்த காட்சிதான். அவர்களில் ஒருவரான காளியப்பன், சொக்கநேந்தல் ஊருணியின் உடைந்த மடையைச் சரிசெய்யக் கோரி இரண்டு வருடமாக வந்துகொண்டிருப்பவர், "டீக்குப் போயிருக்காக" என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கம் சொன்னார்.

நாலைந்து நாளில் அலுவலகம் அதற்குப் பழகிவிட்டது. புதன்கிழமை ராகு காலம் சாப்பாட்டு நேரத்தில் பாதியை விழுங்குகிறது என்று சங்கம் கண்டனத் தீர்மானம் போட்டது. உடனே சாப்பாட்டு நேரம் ஒன்றரைக்கு மாற்றப்பட்டது. நமக்கு ராகுவும் கிடையாது கேதுவும் கிடையாது என்று அதுவரை சொல்லிவந்த ஜெபமணியிடம் வசுமதி கேட்டாள், "நீங்க மட்டும் இருந்திருக்கலாமே சார்?"

"ஆபீஸே இல்லைன்னு ஆனப்புறம் நான் மட்டும் எங்கன இருக்கது? ஏசப்பா பார்த்துக்கிடுவார்" என்றார் அவர்.

திங்கட்கிழமைதான் தொல்லையாக இருந்தது. அன்றைய ராகு காலம் ஏழரைக்குத் தொடங்கி, ஆட்கள் வருவதற்கு முன்பே ஒன்பதுக்கு முடிந்துவிடும். மற்ற நாளெல்லாம் குட்டையாகிவிட்ட பிறகு திங்கட்கிழமையின் நீளத்தை யாராலும் தாங்க முடியவில்லை. எல்லோருமாகப் போய்க் கேட்டுக்கொண்டதற்கு இணங்க எமகண்டமும் ஏற்றப்பட்டது. அடுத்துக் குளிகை. அது கெட்ட நேரம் இல்லை, அதில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும், அவ்வளவுதான் என்று திருமேனிநாதன் அதை வெறுமனே குறிக்கச் சொன்னார். ஒரு புதன்கிழமை குளிகையில் ஜெபமணி ஏதோ ஒரு வேகத்தில் காளியப்பனுக்கு, தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது என்று பதில் போட்டுவிட்டார். அது அன்றிலிருந்து புதன் தவறாமல் தானாகவே போய்க்கொண்டிருந்தது. காளியப்பன் ஒவ்வொன்றையும் பிரிண்ட் எடுத்து மஞ்சள் பையில் சேர்த்து வைத்தார்.

பிறகு சந்திராஷ்டமம். ஒரு ராசிக்கு மாதத்தில் இரண்டேகால் நாள், அந்த ராசிக்காரர் அன்று எதையும் தொடங்கக் கூடாது. அவரவர் காலண்டரில் போட்டிருந்தால் அவரவரோடு போயிருக்கும். இது பொதுக் காலண்டர். ஒருவருக்கு ஆகாத நாள் பதினான்கு பேருக்கும் இல்லாத நாள் ஆனது. அந்தப் பதினான்கு பேருக்குள் பதினோரு ராசி இருந்தது, மேஷம் ஒன்றுதான் குறை. ஆகவே, மாதத்தில் மேஷத்துக்கு ஆகாத அந்த இரண்டேகால் நாளில் மட்டும், அதிலும் ராகுவும் எமகண்டமும் போக மிஞ்சிய நேரத்தில் மட்டும், புளியங்குறிச்சி ஊருணிப் பராமரிப்பு வாரியம் பூமியில் இருந்தது. அந்த நேரத்திலும் ஒருவரும் ஊருணியைப் பற்றிப் பேசவில்லை, நரை தள்ளிப்போவதைப் பற்றிப் பேசினார்கள். வசுமதியின் தலைச்சாயம் ஒரு தடவை அடித்தால் இரண்டு மடங்கு நாள் நின்றது. வேலை நேரமே இல்லாததால் வேலை நேரத்தில் நிலுவை ஏதும் இல்லை என்று தலைமை அலுவலகம் பாராட்டுச் சான்றிதழ் அனுப்பியது. அதைச் சட்டம் போட்டுக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள்.

அந்த நாட்களில் ஒரு மாலை திருமேனிநாதன் அவள் மேஜைப் பக்கம் வந்து, யாரும் கேட்காதபடி, பொதுக் காலண்டரில் ஜூன் முப்பதையும் இல்லாத நாளாகக் கருப்பாக்கச் சொன்னார்.

"அன்னைக்கு என்ன சார்?"

"கரிநாள்மா."

தினசரிக் காலண்டரில் அன்று கரிநாள் இல்லை. ஜூன் முப்பது அவர் ஓய்வு பெற வேண்டிய நாள் என்பது அவளுக்குத் தெரியும். கேட்டபடியே கருப்பாக்கினாள். அவர் மேல் அன்று அவளுக்கு இரக்கம்தான் வந்தது.

பதினான்கு பேரில் அவள் ஒருத்திக்குத்தான் நேரம் தேவைப்பட்டது. வயிற்றில் இருந்த பிள்ளை அவளோடு சேர்ந்தே இல்லாமல் போய், அவளோடு சேர்ந்தே திரும்பி வந்தது. காலையில் அலுவலகப் படி ஏறும்போது உதைப்பதற்குக் காலைத் தூக்கினால், மாலை ஐந்தே முக்காலுக்குப் படி இறங்கும்போதுதான் அந்த உதை வந்து விழும். வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும் அது வளர்ந்தது. சீனியம்மாள், அவளுடைய மாமியார், ஒன்பதாம் மாதம் என்று கணக்குப் பண்ணி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனால், ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா நாள் கணக்குக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதா என்று இருவரையும் சத்தம் போட்டு அனுப்பினார்.

"ஏத்தா, மத்தியானச் சோறாவது திங்கியா இல்லையா? கட்டிக் குடுத்தது கட்டிக் குடுத்த மாதிரியே சாயங்காலம் சுடச்சுடத் திரும்பி வருது."

"மத்தியானமே வரலை அத்தை" என்றாள் செண்பகவல்லி.

சீனியம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. சர்க்கார் உத்தியோகம் என்றால் ஆயிரம் இருக்கும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். வளைகாப்பை இரண்டாவது தடவை நடத்தினார், பிறகு மூன்றாவது தடவையும் நடத்தினார். முழங்கை வரைக்கும் வளையல் ஏறிவிட்டது. தெருப் பெண்களும் நாலு நாள் பேசிப் பார்த்துவிட்டு, ஊர்க் கணக்குக்கு இத்தனை மாதம், ஆபீஸ் கணக்குக்கு இத்தனை மாதம் என்று இரண்டு கணக்கையும் விரலில் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார்கள்.

விடுப்புக் கையெழுத்துக்காக அவள் நடையாய் நடந்தாள். இருக்கிற இரண்டேகால் நாளில், அந்த விண்ணப்பம் ஏற்கெனவே படிக்கப்பட்டதாகத் தெரிகிறதே, படித்தவர் யார் என்று முதலில் கண்டுபிடி என்றார்கள். இல்லாத நாட்களில் காலை பத்துக்கு முன்னால் போய் நின்றால் திருமேனிநாதன், "இன்னும் ஆபீஸ் நேரம் ஆகலைம்மா" என்பார். மாலை போய் நின்றால், "ஆபீஸ் நேரம் முடிஞ்சுபோச்சேம்மா, நேரத்துக்கு வெளிய போடுற கையெழுத்து செல்லாது" என்பார். அவர் அவளை ஏமாற்றவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. போதாததற்கு, காலண்டரை அழிக்கிற உரிமை உரிமையாளருக்கு மட்டுமே இருந்தது. அப்படி அமைத்துக் கொடுத்தவளே அவள்தான்.

ஜூன் மாதத்தில் வேலாண்டி என்று ஒரு புதிய அலுவலக உதவியாளர் மாற்றலாகி வந்தார். வந்தவரிடம் பேர், ஊர் கேட்கும் முன்பே ராசியைக் கேட்டார்கள். "மேஷம்" என்றார் அவர். அலுவலகம் கைதட்டியது. அன்றோடு மாதம் முழுவதும் அடைபட்டது. காலை பத்துக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் மாலை ஐந்தே முக்கால் ஆகியிருந்தது, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஜூன் முப்பதும் அப்படியே போனது. திருமேனிநாதனின் ஓய்வு உத்தரவு பொது மெயில் பெட்டிக்கு வந்து, யாரோ எப்போதோ கை பட்டுத் திறந்து, படித்த கடிதமாக அங்கேயே கிடந்தது.

ஆடி பிறந்தது. ஊர்க் கணக்கில் பன்னிரண்டாம் மாதம், ஆபீஸ் கணக்கில் நிறை மாதம். டாக்டரம்மா இந்தத் தடவை சத்தம் போடவில்லை. "பிள்ளை முழுசா வளர்ந்திருச்சு. ஆனா இறங்க மாட்டேங்குது. எதுக்கோ காத்துக்கிட்டு இருக்கற மாதிரி இருக்கு. இனியும் விட முடியாது, வர்ற வாரத்துல ஒரு நாள் சொல்லுங்க, ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாம்" என்றார். செண்பகவல்லி வீட்டுக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது, பகல் முழுவதும் இல்லாத ஒருத்தியின் வயிற்றில் வந்து மாட்டிக்கொண்டதே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவள் புருஷன் ஈஸ்வரமூர்த்தி, டவுன் பஸ் கண்டக்டர், ஊரெல்லாம் ஆளுக்கு வழி சொல்பவர், அவளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து கொடுத்தார். சீனியம்மாள்தான் கண்ணைத் துடைத்துவிட்டு, "வெட்டித்தான் எடுக்கணும்னா நல்ல நேரத்துல எடுப்போம். உங்க ஆபீசரு நேரம் பார்க்கதுல கெட்டிக்காரராமே, கேட்டுட்டு வா" என்று அனுப்பினார்.

ஐந்தே முக்கால் ஆனதும் செண்பகவல்லி கேட்டாள். இது சொந்த விஷயம் என்பதால் திருமேனிநாதனுக்கு நேரம் இருந்தது. முகமெல்லாம் சிரிப்பாகி, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொல்லி, காலண்டரைத் திறந்தார். எல்லோருக்கும் ஒத்துவருகிற நேரத்தைத் தேடிக் கொடுக்கும் ஒரு பொத்தான் அதில் இருந்தது. அவள்தான் அவருக்கு அதைப் பழக்கியிருந்தாள். அமுக்கினார். திரையில் கருப்புக் கட்டங்கள் கீழே கீழே ஓடின. ஆடி போனது, ஆவணி போனது, தீபாவளி, பொங்கல் எல்லாம் போயின, அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் போயின. பதினோரு வருடம் ஓடிய பிறகு, ஒத்துவரும் நேரம் எதுவும் இல்லை என்று எழுத்து வந்து நின்றது.

"என்னம்மா இது, ஒண்ணுமே இல்லையே" என்றார். முப்பத்து நான்கு வருடத்தில் அவர் யாருக்கும் நேரம் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

செண்பகவல்லி அவர் கையிலிருந்து மவுஸை வாங்கினாள். மேலே வந்தாள். வருகிற வெள்ளிக்கிழமையில், இருப்பதிலேயே அடர்ந்து கிடந்த கட்டம் ஒன்று, ராகு காலமும் யாருடையதோ சந்திராஷ்டமமும் அஷ்டமியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது, அதன் மேல் கொண்டுபோய் வைத்து, "பிள்ளை வருகிறது" என்று அடித்தாள். எப்படிக் காட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. வேலையில் இருக்கிறோம் என்று கொடுத்தாள். வாரா வாரம் வர வேண்டுமா என்றது. அவசரத்தில் அதற்கும் ஆம் என்று கொடுத்துவிட்டாள். இந்த நேரத்தில் உங்கள் அலுவலகத்தில் யாருமே இல்லை, இருந்தாலும் சேமிக்கவா, உரிமையாளர் மட்டும் பதில் சொல்லலாம் என்று வந்து நின்றது.

"வெள்ளிக்கிழமை பத்தரைப் பன்னண்டா! எதிரி வந்து கேட்டாக்கூட நான் அந்த நேரத்தைச் சொல்ல மாட்டேனே தாயி."

"எனக்குச் சொல்லுங்க சார். கெட்ட நேரம் கெட்ட நேரம்னு சொல்லி எங்க நேரம் அம்புட்டையும் நீங்க எடுத்துக்கிட்டீங்க. அதுல ஒண்ணரை மணி நேரம் என் பிள்ளைக்குக் குடுங்க. அந்த நேரத்துல என் லீவுல ஒரு கையெழுத்துப் போடுங்க. அது போதும்."

அவள் திரையை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினாள். ஜூன் முப்பது கருப்பாக நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலாண்டி வந்து ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்குக் கரிநாள் இல்லைன்னு உனக்குத் தெரியும்லம்மா?" என்று கேட்டார் கடைசியில்.

"தெரியும் சார்."

திருமேனிநாதன் கண்ணை மூடிக்கொண்டு ஆம் என்பதை அமுக்கினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஈஸ்வரமூர்த்தி துணிப்பையோடு வாசலில் ஆட்டோவில் காத்திருந்தார், கையெழுத்தானதும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஏற்பாடு. பத்து மணிக்கு அவள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது பத்தரை ஆகியிருந்தது. எல்லோரும் பழக்க தோஷத்தில் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். கடிகார முள் ஒரு தடவை அசைந்தது, பத்து முப்பத்தொன்று. மறுபடி அசைந்தது, பத்து முப்பத்திரண்டு. வசுமதி பயத்தில் செண்பகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு போன் அடித்தது, அது என்ன சத்தம் என்று சிலருக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. "இப்ப என்ன செய்யணும்?" என்று ஜெபமணி பொதுவாக எல்லோரையும் பார்த்துக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

காளியப்பன் வழக்கம்போல வாசலில் எட்டிப் பார்த்தார். எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தது. அவர் வெலவெலத்துப்போய் வெளியே ஓடி, தப்பான அலுவலகத்துக்கு வந்துவிட்டோமோ என்று பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

செண்பகவல்லி விடுப்பு உத்தரவைத் தானே அடித்து, தானே அச்செடுத்து, கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். திருமேனிநாதன் பேனாவின் மூடியைக் கழற்றினார். மணியைப் பார்த்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பேனாவில் மை காய்ந்திருந்தது, உதறிவிட்டு அதன் மேலேயே இன்னொரு தடவை அழுத்திப் போட்டார். பத்து நாற்பது. கூரை இடிந்து விழவில்லை.

அப்போது பொது மெயில் பெட்டியை மேய்ந்துகொண்டிருந்த ஜெபமணி சத்தம் போட்டார். "சார், நீங்க ரிடையர் ஆகி மூணு வாரம் ஆகுது! உத்தரவு இங்கன கிடக்கு!"

செண்பகவல்லிக்கு உயிரே போய்விட்டது. ஓய்வு பெற்றவர் போட்ட கையெழுத்து எப்படிச் செல்லும்? திருமேனிநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த உத்தரவை மூன்று தடவை வாசித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, முப்பத்து நான்கு வருட அனுபவம் மொத்தமும் குரலில் வர, கேட்டார்:

"இது மேல யாராவது நடவடிக்கை எடுத்தீங்களா?"

"இல்ல சார். எல்லாரும் படிச்சதாத்தான் இருக்கு."

"என்னைப் பணியிலருந்து விடுவிச்சு ஆர்டர் போட்டீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப நான் இன்னும் சர்வீஸ்லதான் இருக்கேன். கையெழுத்து செல்லும். ஏம்மா, நீ கெளம்பு."

அவள் உத்தரவைக் கையில் வாங்கினாள். வாங்கிய நிமிடம், அத்தனை காலம் படியேறும்போது தூக்கிப் படியிறங்கும்போது விழுந்துகொண்டிருந்த உதை, அலுவலகத்துக்கு உள்ளேயே, அந்த மேஜைக்கு முன்னாலேயே விழுந்தது. அதன் பின்னாலேயே வலியும் வந்தது. வசுமதி ஒரு பக்கமும் வேலாண்டி ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, காளியப்பன் மஞ்சள் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து ஆட்டோவின் திரையைத் தூக்கிப் பிடிக்க, அவள் ஏறிப் போனாள். ஆபரேஷன் தேவைப்படவில்லை. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பெண் பிள்ளை பிறந்தது. சீனியம்மாள் நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டு, பன்னிரண்டு ஐந்து என்று எழுதிக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்த்தார். நர்ஸ் முறைத்தாள். உடனே மாமியார், ஆடி வெள்ளி ராகு காலம் துர்க்கைக்கு உகந்த நேரம்தானே என்று எலுமிச்சம்பழ விளக்கு வாங்க ஆள் அனுப்பினார்.

அவள் போன பிறகு அலுவலகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் அவர்கள் காளியப்பனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மனுவை வாங்கி, மடையைச் சரிசெய்ய உத்தரவு போட்டார்கள். அவசரத்தில் அவள் கொடுத்த ஆம், அப்படியே நின்றுவிட்டது. அதன்பின் வாரத்தில் ஒன்றரை மணி நேரம், வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் மட்டும், புளியங்குறிச்சி ஊருணிப் பராமரிப்பு வாரியம் இயங்கியது. நாலு ஊர் சனம் அந்த நேரத்துக்கு வந்து வரிசையில் நின்றது. முன்னைக்கு இது எவ்வளவோ அதிகம் என்று ஊரில் திருப்தியாகப் பேசிக்கொண்டார்கள். திருமேனிநாதனை விடுவிக்கும் உத்தரவும் அப்படி ஒரு வெள்ளியில்தான் கையெழுத்தானது. மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள்.

பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனபோது அவர் செண்பகவல்லியின் வீட்டுக்கு வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை. ஆள் ஒரேயடியாக மெலிந்திருந்தார், தலை முழுக்க வெளுத்திருந்தது. கையில் மஞ்சள் தடவிய நோட்டு ஒன்று, பிள்ளையின் ஜாதகம், அவரே உட்கார்ந்து எழுதியது. சீனியம்மாள் வாங்கிப் பிரித்து, நேரம் எழுதிய இடத்தைத் தேடினார். முற்பகல் பதினொன்று ஐம்பது என்றுதான் இருந்தது.

"கொஞ்சம் தள்ளி எழுதியிருக்கலாமே சார்."

"பிறந்த நேரம் அதுதானேம்மா."

அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவருடைய வழக்கம் தெரிந்தவரான சீனியம்மாள் வேப்பமரத்தடியில் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். "ராகு காலமாச்சே. பன்னண்டு ஆகட்டும், நெழல்ல இருங்க. மோர் கொண்டாரேன், குடிச்சிட்டுப் பெறகு உள்ள வந்து பிள்ளையைப் பாருங்க."

"இல்லம்மா" என்றார் திருமேனிநாதன், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "எனக்கு அவ்வளவு நேரம் இல்ல."

உள்ளேயிருந்து அதைக் கேட்ட செண்பகவல்லி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். அப்போது மணி பத்தே முக்கால்.